உட்கார்ந்தால் தெரிகிறது

1

இந்தக் கதை கற்பனையில் உதித்தது என்று சொன்னால் பொய். வடக்கனந்தலில் எங்கள் மக்காச்சோளக் கொல்லையின் வரப்பிலிருந்து வந்தது. கொல்லை என் அப்பா ஆதிமூலத்தின் பெயரில் இருக்கிறது. அறுப்பு முடிந்த மூன்றாம் நாள், அந்த வரப்பில் கட்டியிருந்த சாக்குப் படுதாவை அவர் பிடுங்கி எறிந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற தொழில் என்னுடையது. தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன்.

2

முதல் தொடக்கம்: "ஒளியை வளைத்துப் பொருள்களை மறைக்கும் ஆராய்ச்சி உலகெங்கும்…" (அடித்தாகிவிட்டது. செய்தித்தாள் வாடை.)

இரண்டாவது: "சோளம் ஆளுயரம் நிற்கும்வரை காசியம்மாளுக்கு…"

இதுதான் சரி. முடிக்கக் கூச்சமாக இருக்கிறது. முடித்துவிடுகிறேன். சோளம் நிற்கும்வரை காசியம்மாளுக்கும் அவர் தெருப் பெண்களுக்கும் ஒதுங்க ஒரு மறைவு இருந்தது. அறுத்த பிறகு இல்லை. அதனால் படுதா கட்டினார்கள். வரப்பில் எது நின்றாலும் நாளைக்கு அதை வைத்து உரிமை கேட்பார்கள் என்பது அப்பாவின் பயம். அதனால் பிடுங்கினார்.

[வீட்டுக்கு வீடு கழிப்பறை இல்லையா என்பீர்கள். இருக்கிறது. தண்ணீர் இல்லை. விறகு அடுக்கியிருக்கிறார்கள்.]

3

காசியம்மாளின் மகள் தனுஷா. கள்ளக்குறிச்சியில் கல்லூரி, இயற்பியல், இரண்டாம் ஆண்டு. அவளுக்கு ஒரு மறைப்பு வேண்டும். அந்த மறைப்பே என் அப்பா கண்ணில் படக்கூடாது.

சாய்த்துப் பார்த்தால் முருகன் பிள்ளையாராக மாறும் படங்கள் உண்டல்லவா, அவற்றின் மேல் வரிவரியாக ஒரு பிளாஸ்டிக் இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு குட்டி லென்ஸ். வரிகள் செங்குத்தாக இருக்கும்படி நிறுத்தினால், பின்னாலிருந்து வரும் ஒளியைப் பக்கவாட்டில் வளைத்து இழுத்துவிடும். ஒல்லியாக நிற்பது எதுவும் கரைந்துபோய், சுற்றியிருப்பதுதான் தெரியும். அதில் ஆளுயரத் தகடு ஒன்றை வரவழைத்தாள்.

(இப்படி ஒரு பெண்ணை நம்புவீர்களா என்று எனக்கே சந்தேகம். முதல் வரைவில் அவளுக்கு அறிவியல் கண்காட்சியில் பரிசு கொடுத்தேன். பிறகு வெட்கமாகிவிட்டது. அவள் கேட்டது பரிசு இல்லை.)

4

பரிசோதிக்கத் தூரத்தில் ஒரு கண் வேண்டும். அப்பா வழக்கமாக நிற்கும் மோட்டார் கொட்டகையில் என்னை நிற்கச் சொன்னாள். காசியம்மாள் தகட்டுக்கு ஐந்தடி பின்னால் போய் நின்றார்.

"அண்ணா, அம்மா தெரியுதா?" போனில் தனுஷா.

சிவப்புப் புடவையைக் காணோம். காய்ந்த சோளத் தட்டையின் வெளிர் மஞ்சள்தான் இருந்தது. அதற்கு மேலே கல்வராயன் மலை, கொஞ்சம் மங்கலாக.

"இல்லம்மா! மலைதான் தெரியுது."

"மலை படுத்துக்கினு இருக்குதுண்ணா. குறுக்க அகலமா இருந்தா மறையாது. நெட்டா நின்னாதான் மறையும்."

போனில், தகட்டுக்குப் பின்னாலிருந்து காசியம்மாள் குரல் வந்தது. "ஏண்டி, நாங்க இன்னா நின்னுக்கினா போவோம்?"

உட்கார்ந்து காட்டினார். தகட்டின் அடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சிவப்பு இழுத்துக்கொண்டது.

தனுஷா கல்லூரியில் ஸ்கேலையும் பேனாவையும் நிறுத்தி வைத்தே பார்த்திருக்கிறாள். தகட்டைப் படுக்கவாட்டில் திருப்பினாள். மலை காணாமல் போனது. காசியம்மாள் தெரிந்தார்.

5

முடிவுகள்:

அ) தனுஷா இரண்டு தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்க்கிறாள். எல்லாம் மறைகிறது. ஆனால் தகடே வெள்ளைப் படுதாவாகத் தெரிகிறது. அப்பா பிடுங்குகிறார்.

ஆ) அப்பா மனம் மாறி… (நான் எழுதுவேன். அவர் மாறமாட்டார்.)

இ) நான் அவரிடம் பேசி…

6

நடந்தது இதுதான். அப்பா கொட்டகைக்கு வந்துவிட்டார்.

"டேய் சிவா, நம்ம வரப்புல இன்னாடா பளபளன்னு? அங்க யார்னா இருக்காங்களா?"

காசியம்மாள் இன்னும் எழுந்திருக்கவில்லை. 'யாரும் இல்லப்பா' என்றால் அன்றைக்குத் தகடு தப்பும்; நாளைக்குக் காசியம்மாள் இன்னொருவர் கண்ணில் படுவார். 'இருக்காங்க, இருக்கட்டும், நானே சுவர் வெச்சுக் குடுக்கறேன்' என்றால் முப்பத்தெட்டு வயதில் அப்பாவை முதல்முறை எதிர்த்துப் பேசியதாகும். எனக்குப் பயம்தான், வேறென்ன.

ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன். நீங்கள் என் இடத்தில் நின்று வேறொன்றை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்றால் நானே எப்போதோ மாற்றி எழுதியிருப்பேன். ஆனால் போனை நான் அணைக்கவில்லை. அந்தப் பக்கம் தனுஷா கேட்டுக்கொண்டிருந்தாள்.