திருப்புளியார் வீட்டுத் தையல் மிஷின்

திருப்புளியார் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், தெருச் சங்கத்தின் செயலாளர் அவர் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டமாம். அவர் மனைவி அதில் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். அப்புறம், அவர் கைபட்ட சாமான் ஒன்று தரவேண்டுமாம், சங்க அறையில் படத்துக்குக் கீழே வைக்க.

"உங்க வீட்டுல எதைத் தொட்டாலும் அவரு கைவேலைதானே. யோசிச்சுக் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருப்புளியாருக்கு வேறு பெயர் உண்டு. எந்நேரமும் இடுப்பில் திருகு கழற்றும் திருப்புளி ஒன்றைச் செருகியிருந்ததால் தெரு இப்படிக் கூப்பிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பைத் தலைமுழுகியவர். பிழைப்புக்கு ஒரு கிடங்கில் காவல் வேலை. மற்றதெல்லாம் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. சின்ன வயதில் மகளுக்குக் கால் கோணலாக இருந்தபோது, செருப்புக்குள் தோல் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி, இரண்டே வருஷத்தில் அவளை நேராக நடக்க வைத்தார். மனைவி அதை இன்றைக்கும் மறுக்க மாட்டாள்.

அவரிடம் இருந்த கோளாறு ஒன்றுதான். வெளியாரிடம் 'முடியாது' என்று சொல்ல வாய் வராது. யார் வீட்டில் எது நின்றுபோனாலும் ஓடுவார். அங்கே ஒரு பாகம் தேய்ந்திருந்தால் கடையில் வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நேராகத் தன் வீட்டுக்கு வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருப்பதிலிருந்து கழற்றிக்கொண்டு போவார்.

"நம்ம வீடுதானே, சமாளிச்சுக்கலாம்."

சமாளித்தது யார்? அவள்தான். குளியலறைக் குழாயைக் குறடு வைத்துத் திறந்தாள். மேசை விசிறியை முதுகில் ஒரு தட்டுத் தட்டிக் கிளப்பினாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போன இடத்தில் கயிறு கட்டினாள்.

தையல் மிஷினை மட்டும் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. அது அவள் கல்யாணத்துக்கு முன்பே சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. மூன்று தெருவுக்குச் சட்டை தைத்தவள் அவள். காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், மிஷினின் அடியிலிருந்து ஷட்டிலை, அதாவது நூலைத் தையலாகக் கோத்துவிடும் சின்ன இரும்பை, அவர் கழற்றினார். முனைக் கடைத் தையல்காரிக்கு ஏதோ அவசரமாம்.

"ஒரு வாரம் பொறு. அவளுக்கு ஒண்ணு நானே செஞ்சு குடுத்துட்டு உன்னுதைக் கொண்டாந்துடறேன்."

"கடையில வாங்கிக்கலாமே."

"நான் உசிரோட இருக்கும்போது கடையிலயா?"

அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. சட்டைத் துணிகளெல்லாம் முனைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அவள் மிஷினுக்கு மூடி போட்டு மூலைக்குத் தள்ளினாள். ஞாயிறு தவறாமல் அவர் அந்த மூடியைத் தூக்கி, பளபளவென்று துடைத்து, எண்ணெய் விடுவார். "அந்த ஒண்ணு மட்டும் வந்துட்டா பறக்கும் பாரு" என்பார். சில வருஷங்களில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் ஆசை விடவில்லை. தெருவில் யாராவது காலர் கோணிய சட்டையோடு போனால் இன்னும் அவளுக்குக் கை துறுதுறுக்கும்.

கூட்டத்தில் அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து புகழ்ந்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் தன் வீட்டு விசிறியைப் பற்றி உருகினார். அதற்குள் சுற்றுவது தன் படுக்கையறை விசிறியின் பாகம் என்று அவளுக்குத் தெரியும். மாடி வீட்டுக்காரர், தண்ணீர் மோட்டாருக்கு எங்கிருந்தோ ஒரு தண்டைக் கொண்டுவந்து கச்சிதமாகப் பொருத்தினார் என்றார். எங்கிருந்து என்று அவளுக்கே பிடிபடவில்லை. சலவைக் கடைக்காரர் ஏதோ ஸ்பிரிங் என்றார், பேக்கரிக்காரர் ஏதோ திருகு என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் தையல்காரி எழுந்தாள்.

"என் கடையே அண்ணன் குடுத்த ஷட்டில்லதான் நிமிந்துச்சு. அதைவிட அக்காவுக்குத்தான் பெரிய மனசு. 'எனக்கு இனிமே தையல் வேணாம், அந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க'ன்னு அக்காவே சொன்னாங்களாம். அண்ணன்தான் சொன்னாரு."

எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளர் அவளைப் பேச அழைத்தார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள் அவள். "என் ஷட்டிலைத் திருப்பிக் குடுத்துடும்மா."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அம்மா துக்கத்தில் இருக்கிறார்கள் என்று செயலாளர் மைக்கில் மழுப்பினார். தையல்காரி மழுப்பவில்லை. ஒரு மணி நேரத்தில் ஷட்டிலைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தாள். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

தையல்காரி போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டு மிஷினின் மூடியைத் தூக்கினாள். அவருடைய திருப்புளியையே கையில் எடுத்துக்கொண்டு, மிஷின் தலையைப் பின்னால் சாய்த்து அடியில் பார்த்தாள்.

அடியில் ஷட்டிலை மாட்ட இடமே இல்லை. தண்டு இல்லை, ஸ்பிரிங் இல்லை, திருகு இல்லை. வெறும் கூடு. சக்கரத்தைச் சுற்றினாள், அது பாட்டுக்குச் சுற்றியது, ஊசி அசையவில்லை.

மாடி வீட்டு மோட்டாரின் தண்டு எங்கிருந்து போனது என்று இப்போது பிடிபட்டது. சரி, கொடுத்தார், தொலையட்டும். அவள் பெயரில் ஒரு பொய்யும் சொன்னார், அதுவும் தொலையட்டும். ஆனால் அந்த எண்ணெய்? உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தே ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் விட்டு, அவள் முகத்தைப் பார்த்து 'பறக்கும்' என்றாரே, அதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். அவள் வாய் ஓயும்வரை திட்டினாள்.

மறுநாள் காலை செயலாளர் இரண்டு ஆட்களோடு வந்தபோது, மிஷின் துடைத்து வாசலில் தயாராக இருந்தது.

"அடேயப்பா, புதுசு மாதிரி வச்சிருக்காரே" என்று தடவிப் பார்த்தார். "இன்னும் ஓடுதாம்மா?"

"உங்க எல்லார் வீட்டுலயும் ஓடுது" என்றாள். "எடுத்துட்டுப் போங்க."