நிறுத்துவதற்கென்று ஒரு ஸ்க்ரூ

சாப்பாட்டு மேசையில் முக்கால்வாசி இடத்தை அந்த இன்ஜின் பிடித்துக்கொண்டிருந்தது. மீதிக் கால்வாசியில் தட்டை வைத்து, முழங்கை இடிக்காமல் சாப்பிட அவள் பழகியிருந்தாள். பஸ் டிப்போவில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அவள் கணவர் செய்தது. நீராவியும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம்; கீழே ஒரு ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி வைத்தால் உள்ளே இருக்கிற காற்று சூடாகி, அந்தச் சூட்டிலேயே சக்கரம் சுற்றுமாம். சுற்றுமாம் என்பதோடு சரி. சுற்றி அவள் பார்த்ததில்லை.

ஒழியட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் மனுஷன் பேத்தியைப் பார்க்கப் போவதை அதோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். "இன்ஜின் ஓடட்டும், மறுநாளே கெளம்பிடலாம்." மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டபோது, "எனக்கு மகளே இல்ல" என்று போனில் கத்தியவர் இவர். அந்தக் கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. பேத்தி பிறந்த சேதி கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவளே பார்த்தாள். இருந்தும் மகளின் பிரசவத்துக்கு அவள் தனியாகத்தான் போய் வந்தாள். அதற்குப் பிறகு மகள் பேசும்போதெல்லாம், "அப்பா எப்ப வர்றாரு?" என்பாள். "இன்ஜின் ஓடினதும்" என்று இவளும் வெட்கத்தை விட்டுச் சொல்வாள். போன வாரம் மகள் அதைக் கேட்கவே இல்லை. பாப்பாவுக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள், வைத்துவிட்டாள். இவளுக்குச் சுருக்கென்றது.

"பாத்துச் செஞ்ச படமே தப்பு," என்றார் கணவர் அன்றைக்கும். "காப்பிக்குக் காப்பி எடுத்தது. முதல்ல வந்த படம் கெடைச்சா ஒரு நிமிஷ வேலை. அது இனிமே யாருகிட்ட இருக்கப்போகுது?"

"நான் தேடிப் புடிக்கிறேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது. ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, ஒளிந்துகொண்ட டாக்டர்களையெல்லாம் லைனில் இழுத்துப் போட்டவள். ஒரு காகிதம் அகப்படாதா?

அகப்பட்டது, ஆளுக்கு ஒன்றாக. பொழுதுபோக்குக்கு இன்ஜின் செய்கிறவர்களைப் போல ஒரு கூட்டத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. "அதுல ஒரு சின்னக் குறை இருந்திச்சு, சரி பண்ணிட்டேன்" என்று பல் டாக்டர் தன் கைப்படத்தை அனுப்பினார். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர் பல் டாக்டரின் படத்தைச் சரி பண்ணியிருந்தார். கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு பேரையும் சரி பண்ணிவிட்டு, தன் இன்ஜின் பக்கத்தில் தானும் நின்று எடுத்த போட்டோவைச் சேர்த்து அனுப்பினார். படத்தைக் கேட்டால் தங்கள் பிரதாபத்தைத்தான் அளந்தார்கள்.

"எனக்குக் குறையோட இருக்கிற படம்தாங்க வேணும்!" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். "குறையை வச்சிக்கிட்டு என்னம்மா பண்ணுவீங்க?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், உண்மையான அக்கறையோடு.

கடைசியில், படத்தை வரைந்த டிராயிங் வாத்தியாரே உயிரோடு இருப்பது தெரிந்தது. இரண்டு பஸ் மாறி, மூன்றாவது மாடி ஏறி, மூச்சு வாங்கக் கதவைத் தட்டினாள். விஷயத்தைச் சொன்னதும் பெரியவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"சரி பண்றானுங்களாம்! இதப் பாருங்கம்மா." பழைய தாளில் குளிர்ந்த பக்கத்து உருளையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு ஓட்டை, அதுக்கு ஒரு ஸ்க்ரூ. இன்ஜினை நிறுத்தறதுக்குன்னே வச்சேன். ஸ்க்ரூவைக் கழட்டினா காத்து வெளிய போயி நின்னுடும், மாட்டினா ஓடும். எதுக்கு வீண் வேலைன்னு அத்தனை பேரும் ஓட்டையே இல்லாம வரைஞ்சிட்டான். ஓட்டையோட செஞ்சவன் ஒருத்தனைக் காட்டுங்க!"

அவளுக்குக் காட்ட ஆள் இருந்தது. மேசையைத் துடைக்கும்போதெல்லாம் துணியின் நூல் போய் மாட்டிக்கொள்கிற ஓட்டை அது. காப்பிகள் எதிலும் அந்த ஓட்டை இல்லை என்றால், பார்த்துச் செய்ய முதல் படம் கணவரிடமே இருந்திருக்கிறது.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவர் இல்லை, முடி வெட்டப் போயிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் விளக்கைக் கொளுத்தினாள். சூடேறியதும் சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினாள். அரைச் சுற்று வந்து நின்றது. ஓட்டையை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டு மறுபடி சுண்டினாள். சக்கரம் தயங்கியது, பிறகு டக் டக்கென்று சுற்றிக்கொண்டே போனது. சந்தோஷப்படுவதா, அதைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

அவர் உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எத்தனை நாளா ஓடுது?" என்றாள்.

"பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே," என்றார். "மாப்பிள்ளையும் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு, நான் அன்னிக்குப் போன்ல கத்தினதை. அவங்க முன்னாடி போயி என்னன்னு நிக்கறது?"

"ஊர்பூரா பைத்தியக்காரி மாதிரி அலைஞ்சேங்க நான்! அவ இப்பல்லாம் உங்களைக் கேக்கறதே இல்ல, தெரியுமா? கேட்டுக் கேட்டு விட்டுட்டா."

அவர் முகம் விழுந்துவிட்டது. அவள் விரலை எடுக்கவில்லை.

"விரல் சுடுது. ஸ்க்ரூவைக் குடுங்க."

சட்டைப் பையில்தான் வைத்திருந்தார். வாங்க அவள் கை நீட்டியும் கொடுக்காமல், குனிந்து தானே மாட்டி இறுக்கினார். அவள் அந்தக் கையோடு போனை எடுத்து மகளை அழைத்தாள்.

"என்னம்மா அது, டக் டக்னு சத்தம்?"

"உங்கப்பா இன்ஜின்."

"அப்பாகிட்ட குடும்மா" என்றாள் மகள்.

போனை அவர் கையில் திணித்துவிட்டு, பரண்மேல் இருந்த பயணப் பெட்டியை இறக்கப் போனாள். அசைக்க முடியவில்லை. திறந்தால் உள்ளே முழுக்க, இன்ஜினுக்கு வெட்டியது போக மிஞ்சிய பித்தளைத் துண்டு. "வர்றேம்மா... வர்றேன்" என்று அவர் தழுதழுப்பது காதில் விழ, துண்டுகளை இரண்டு கையாலும் வாரி அவர் படுக்கிற பக்கத்தில் கொட்டினாள்.