ரெய்னெல் சுமந்த விறகு

ரெய்னெல் ஒரு கட்டு விறகைத் தோளில் சுமந்துகொண்டு படகுத்துறையிலிருந்து எங்கள் வீட்டை நோக்கி நடந்து வந்தபோதே என் கதை முடிந்துவிட்டது. அது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வழியில் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு தலை நீண்டது.

"ஒதிலியா, உங்க வீட்டுக்கு விறகு வருதுடி," என்றாள் எதிர் வீட்டு மெலிந்தா, நாணல் சுவரின் இடுக்கு வழியாக.

எங்கள் தீவில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையத்தான் இடம் இருக்கும். யார் வீட்டில் என்ன நடந்தாலும் சூரியன் மறைவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கல்யாணமாகாத ஒருவன், பெண் இருக்கிற வீட்டுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறான். அதுவும் பெண்ணின் அப்பாவோடு தோணியில் அக்கரைக்குப் போய், அவரோடு காட்டில் வெட்டி, அவர் முன்னால் நடக்க இவன் பின்னால் சுமந்து வருகிறான். எங்கள் ஊரில் அது பெண் கேட்டு வருவது; இதற்குமேல் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அவன் வந்தது மோலா வாங்க. எங்கள் பெண்கள் சட்டையின் முன்னும் பின்னும் வைக்க அடுக்கடுக்காகத் தைக்கும் சித்திரத் துணி அது.

ரெய்னெலைப் பெற்றவர்கள் எங்கள் ஆட்கள்தான். பிறந்து வளர்ந்ததெல்லாம் நகரத்தில். வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகும் ஒரு கடைக்காகத் தீவு தீவாக ஏறி இறங்கி மோலா பொறுக்குவது அவன் வேலை. வேலை தெரிந்தவன், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற வியாபாரிகள் நிறத்தைப் பார்ப்பார்கள். இவன் துணியைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பான். மேலே இருக்கும் சிவப்புத் துணியை வெட்டி மடித்து, அடியில் உள்ள கறுப்பு கோடாகத் தெரியும்படி தைத்த இடத்தை நகத்தால் தடவுவான். நகத்தில் நூல் தட்டினால் கீழே வைத்துவிடுவான்.

கயிற்றில் தொங்கிய எங்கள் வீட்டு மோலா ஒன்றும் அவனுக்குப் பிடிக்கவில்லை. என் சட்டையில் இருந்ததுதான் பிடித்தது. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எனக்காக நான் தைத்த ஜோடி அது. முன்பக்கம் ஒரு கணவாய் மீன் மை கக்கும். பின்பக்கமும் அதே கணவாய்தான், ஆனால் மை பரவி அது பாதிதான் தெரியும்.

"இந்த ஜோடி வேணும்," என்றான் அம்மாவிடம்.

"அது விக்கிறதுக்கு இல்ல. அவ போட்டுக்கிறதுக்குத் தைச்சது."

"அதனாலதான் கேக்கறேன். விக்கிறதுக்குன்னு தைச்சா தையல்லயே தெரிஞ்சிடும்."

அம்மா மசியவில்லை. அவனும் ஊரைவிட்டுப் போகவில்லை. தினமும் வந்து நின்றான். அப்போதுதான் பெர்த்தா சித்தி அவனுக்கு ஒரு யோசனை சொன்னாள்.

"எங்க அக்காவுக்கு வேற எதுவும் வேண்டாம் தம்பி. நல்ல விறகா ஒரு கட்டு கொண்டு வந்து போடு. அப்புறம் நீ கேட்டதெல்லாம் கிடைக்கும்."

சித்தி விளையாட்டாகச் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா என்று நான் கேட்டதில்லை. இங்கே வளர்ந்தவனாக இருந்தால் அந்த நிமிஷமே படகு ஏறியிருப்பான். இவன் அப்பாவிடம் போய், "நானும் அக்கரைக்கு வரேன் மாமா, விறகு வெட்டணும்," என்றான். அப்பாவுக்கு முழங்கால் வலி. மறுபேச்சு பேசாமல் கோடரியை எடுத்துக் கொடுத்தார்.

விறகு வந்து இறங்கியதும் அம்மா புது விறகுகளின் நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து ஊதினாள். தீ பற்றிக்கொண்டது. தேங்காய்ப்பாலில் வாழைக்காயும் மீனும் கொதித்தன.

"அவன் சட்டைக்காக வந்தான்மா," என்றேன்.

"சட்டைக்குள்ள யாரு இருக்கா?"

"என்னை யாரும் கேக்கலையே."

"என்னை மட்டும் கேட்டாங்களா? உங்க அப்பாவைத் தூக்கிட்டு வந்து தூளியில போட்டப்போ ரெண்டு தடவை எழுந்து ஓடினாரு. மூணாவது தடவை கால் சுளுக்கிடுச்சு. நல்லாத்தானே இருக்கோம்."

"சுளுக்கு இன்னும் போகல," என்றார் அப்பா மூலையிலிருந்து.

"வாயை மூடிட்டு சாப்பிடுங்க."

அதுதான் வழக்கம். எங்கள் ஊரில் பெரியவர்களும் தூளியில்தான் தூங்குவோம்; மாப்பிள்ளையைத் தூக்கி வந்து பெண் படுத்திருக்கும் தூளியில் போடுவார்கள். பிடிக்காவிட்டால் அவன் ஓடலாம். மூன்று முறையும் ஓடிவிட்டால் கல்யாணம் இல்லை. விடியும்வரை படுத்திருந்தால் கல்யாணம் முடிந்தது. பெண்ணுக்கு வேலை ஒன்றும் கிடையாது. அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

இருட்டத் தொடங்கும்போது அம்மா என்னைத் தூளியில் படுக்கவைத்தாள். தூளிக்குக் கீழே கங்கோடு ஒரு கட்டையை வைத்தாள். புகை கண்ணைக் கரித்தது. கொஞ்ச நேரத்தில் நான்கு பேர் ரெய்னெலைக் கைகாலைப் பிடித்துத் தூக்கிவந்து என் மேல் போட்டார்கள். அவன் அலறிக்கொண்டு எழுந்து ஓடினான். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். காலடிச் சத்தம், அப்புறம் தொப்பென்று தண்ணீர், அப்புறம் ஊரே சிரிக்கும் சத்தம். தீவு அவ்வளவுதான். திரும்பவும் தூக்கிவந்து போட்டார்கள். இப்போது அவன் நனைந்திருந்தான்.

"எழுந்து ஓடு," என்றேன் மெதுவாக.

"எங்க ஓடறது? எந்தப் பக்கம் போனாலும் தண்ணி."

"ஊரை விட்டு ஓட வேண்டாம். தூளியை விட்டு ஓடினாப் போதும். இன்னும் ரெண்டு தடவை. அப்புறம் அவங்களே விட்டுருவாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. அவன் தலையிலிருந்து கடல் நீர் என் தோளில் சொட்டியது.

"யோசிச்சுப் பார்த்தா இது ஒண்ணும் மோசமில்ல," என்றான்.

"எது?"

"இதுதான். எவனோ ஒருத்தன் கடைக்காக நான் ஏன் அலையணும்? இந்தக் கை இருக்கிற வீட்டுல நான் இருந்தா நானே கடை போடலாம். மாசம் ஒரு ஜோடி தைச்சுடுவியா?"

சொல்லிக்கொண்டே என் சட்டை ஓரத்துத் தையலை நகத்தால் தடவினான். அந்த இருட்டிலும்.

தூளி இரண்டு பேரின் எடையில் குழிந்து எங்களை ஒன்றாக அழுத்தியது. என் வாழ்க்கை இவன் கால்களை நம்பி இருந்தது, அந்தக் கால்களோ நீட்டிப் படுத்துவிட்டன. மூன்றாவது முறை என்று ஒன்று வரப்போவதில்லை.

நானே எழுந்தேன்.

வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "ஏம்மா, மாப்பிள்ளைதான் ஓடணும். நீ எங்க கிளம்பிட்டே?" என்றான் ஒருவன்.

"நான் ஓடலையே, நடக்கறேன்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

எங்கே போவது? எல்லா வீடும் சொந்தக்காரர் வீடு. யார் கதவைத் தட்டினாலும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடுவார்கள். ஊர்க்கூட்ட வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. நடுவில் தன் தூளியில் படுத்தபடி ஊர்த் தலைவர் முன்னோர் கதையைப் பாடிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெஞ்சுகளில் பெண்கள் மோலா தைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பெர்த்தா சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சித்திக்கு முகம் வெளிறிப்போனது. பாதி தைத்த துணியையும் ஊசியையும் என் கையில் திணித்தாள்.

"சும்மா உக்காராத. எல்லாரும் பாக்கறாங்க."

பாட்டு நின்றது.

"உங்க வீட்டுல இன்னைக்குத் தூளி கட்டினதாச் சொன்னாங்களே," என்றார் தலைவர்.

"கட்டினாங்க."

"அப்போ நீ இங்க என்ன பண்றே?"

"எழுந்து வந்துட்டேன்."

ஊசிகள் எல்லாம் அப்படியே நின்றன. அதற்குள் அம்மாவும், காவல் இருந்தவர்களும், ஈர உடம்போடு ரெய்னெலும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"பொண்ணு எழுந்து வரலாம்னு நம்ம முன்னோர் சொல்லல," என்றார் தலைவர் நிதானமாக. "வரக் கூடாதுன்னும் சொல்லல. உனக்கு என்ன வேணும்?"

"அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. விறகு எதுக்கு வெட்டினார்னு."

ரெய்னெல் சுற்றுமுற்றும் பார்த்தான். பெண்ணுக்காக என்று சொன்னால் நான் திரும்பத் தூளிக்குப் போக வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் எந்தத் தீவிலும் இறங்கும் முன்பே சிரிப்பு இவனை வரவேற்கும். அவன் வாயைத் திறந்தான். எது வரப்போகிறது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

"கூட்டத்துல பொய் சொன்னா அதுக்குத் தனித் தண்டனை உண்டு," என்றேன். "யோசனை சொன்னவங்க என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க."

சித்தி கூரையைப் பார்த்தாள்.

"சட்டைக்கு," என்றான் ரெய்னெல்.

"சத்தமாச் சொல்லு," என்றார் தலைவர்.

"சட்டைக்குங்க. அந்த மோலா ஜோடிக்கு."

முதலில் மெலிந்தா சிரித்தாள். அப்புறம் கூட்டமே சிரித்தது. தலைவர் சிரித்த சிரிப்பில் அவர் தூளி ஆடியது. நானும் சிரித்தேன். தப்பித்துவிட்டோம் என்று நினைத்த சிரிப்பு அது.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மோலாவுக்கு விறகுன்னா அது வியாபாரம். வியாபாரத்துக்கு எதுக்குத் தூளி? இந்தத் தம்பி காலைப் படகுல கிளம்பட்டும்." பிறகு அம்மாவைப் பார்த்தார். "விறகை வாங்கி எரிச்சீங்களா?"

"எரிச்சோம்," என்றாள் அம்மா.

"அப்போ கணக்கு முடிஞ்சாகணும். சட்டையைக் கொடுத்துடுங்க."

என் சிரிப்பு பாதியில் நின்றது.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா முன்னால் நடந்தாள். காலையில் தன் பழைய சட்டை ஒன்றை என் முன் எறிந்தாள். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தோளிலும் பக்கங்களிலும் இருந்த இணைப்பைப் பிரித்தேன். கணவாய்கள் இரண்டும் தனித்தனித் துணியாக என் கையில் வந்தன.

படகுத்துறையில் ரெய்னெல் என் முகத்தைப் பார்க்கவில்லை. துணியைத்தான் பார்த்தான். புரட்டினான், நகத்தால் தடவினான், ஒரு குழந்தையைப் படுக்கவைப்பதுபோல மடித்துப் பைக்குள் வைத்தான்.

"இந்த மாதிரித் தையலை நான் எங்கயும் பார்த்ததில்ல," என்றான். மனசாரத்தான் சொன்னான். "இன்னொரு ஜோடி தைச்சா எனக்குச் சொல்லி..."

"எங்க வீட்டுல விறகு நிறைய இருக்கு," என்றார் அப்பா, படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

வீட்டுக்குத் திரும்பினேன். அம்மாவின் சட்டை எனக்குத் தொளதொளவென்று இருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை தோளிலிருந்து நழுவியது. பெட்டியிலிருந்து கறுப்புத் துணியையும் சிவப்புத் துணியையும் எடுத்து விரித்தேன்.

"பெர்த்தா வந்துட்டுப் போனா," என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடி. "பக்கத்துத் தீவுல அவ வீட்டுக்காரரோட தங்கச்சி பையன் இருக்கானாம். இங்கயே பொறந்து வளர்ந்தவன். எல்லா வழக்கமும் தெரிஞ்சவன்."

கத்தரிக்கோலைத் தேடினேன். அது அம்மாவின் மடியில் இருந்தது, அவள் அதைத் தருவதாக இல்லை.