பயந்த வம்சம்

மன்னிப்புக் கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. என் கவனக்குறைவால் இரண்டு வம்சத்து எலிகளும் கூண்டு மாறிக் கலந்துவிட்டன, அதனால் வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய எலிகளும் கலப்பாகி அவர்களுடைய ஆய்வு முடிவில் பிழை நேர்ந்தது, இதற்கு நானே முழுப் பொறுப்பு என்று நான்கு வரி. அந்த நான்கு வரிக்குள் ‘தாழ்மையுடன்’ என்ற சொல் இரண்டு முறை வந்திருந்தது. கூண்டக்கா அதை நின்றுகொண்டே படித்தாள். இயக்குநரின் அறையில் ஆறு நாற்காலிகள் இருந்தன. உட்காரச் சொல்லும் வழக்கம்தான் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பெயர்தான். பதினான்கு வருடமாக எலிகளுக்குக் கூண்டு மாற்றி, தண்ணீர்க் குப்பி கழுவி, எந்த எலி எப்போது குட்டி போட்டது என்று அட்டையில் குறித்துவைப்பவள். இயக்குநருக்கும் ஒரு பெயர் உண்டு. அது அவருக்கு மட்டும் தெரியாது. எந்தக் கூட்டத்தில் பேச எழுந்தாலும் மூன்றாவது நிமிடத்தில் அந்தச் சொல் வந்துவிடும் என்பதால் பரம்பரை என்றே எல்லோரும் சொல்வார்கள்.

அங்கே வளர்ந்தவை இரண்டு வம்சங்கள். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் சிவப்புக் கண். இருபது தலைமுறைக்கு மேல் உடன்பிறந்தவற்றையே இணைசேர்த்து வளர்த்ததில், ஒரு வம்சத்து எலிகள் அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தது போலாகிவிட்டன. வெளியே போய் வரன் தேடும் அலைச்சல் மிச்சம் என்று கூண்டக்கா சொல்வாள். ஒன்றுக்கு ‘வீர வம்சம்’, மற்றதற்குப் ‘பயந்த வம்சம்’ என்று பரம்பரை பெயர் சூட்டியிருந்தார். தரையில் கட்டம் போட்ட பெரிய பெட்டியில் எலியை விட்டு ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். வீரன் நடுவில் நடப்பான். பயந்தவன் மூலையில் ஒடுங்கிப் புழுக்கை போடுவான். கடந்த கட்டங்களையும் கிடந்த புழுக்கைகளையும் எண்ணினால் பயத்தின் அளவு கிடைத்துவிடும். பயம் பிறப்பிலேயே வருவது, வளர்ப்பில் மாறாது என்பது அவர் கண்ட உண்மை. அவருடைய உலகப் புகழ் மொத்தமும் அப்படி எண்ணப்பட்ட புழுக்கைகளின் மேல்தான் நின்றது.

இப்போது அது சரியத் தொடங்கியிருந்தது. வேறொரு ஆய்வுக்கூடத்தில், இங்கிருந்து வாங்கிப் போய் வளர்த்த இதே இரண்டு வம்சங்களை இதே போன்ற பெட்டியில் விட்டுப் பார்த்தார்கள். வேறுபாடு இருந்தது, ஆனால் இவர் சொன்னதில் கால்வாசிகூட இல்லை. அதைக் கேட்டுப் போக அங்கிருந்து ஒரு பெண் ஆய்வாளர் பதினொரு மணிக்கு வருகிறார். பதினொரு மணிக்குள் ஒரு குற்றவாளி தேவைப்பட்டது.

“வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. கழுவுற பிரிவுக்கு மாத்திடுவோம், அவ்வளவுதான். கையெழுத்து போடலன்னா விசாரணை, வேலை நீக்கம்னு போகும். அப்புறம் என் கையில எதுவும் இல்ல.”

அந்தக் கட்டடத்தில் அவர் கையில் இல்லாத ஒன்றை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

கூண்டக்காவுக்குக் காது மடல் சுட்டது. கலந்துவிட்டதாமே! கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் பிரித்துச் சொல்வாள். ஒரு வம்சம் கூண்டில் போடும் காகிதத்தை நூல் நூலாகக் கிழித்து மெத்தை செய்யும். மற்றது அப்படியே இழுத்துப்போய் மூலையில் திணிக்கும். ஒன்று மதியத்துக்குள் குப்பியைக் காலி செய்துவிடும். மற்றது மறுநாள் வரை மிச்சம் வைக்கும். இதெல்லாம் எந்தக் கட்டுரையிலும் வரவில்லை. எண்ணினால் புகழ் வராத விஷயங்கள்.

“வால் நுனியில துளி வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்புங்க சார். கலந்துச்சா இல்லையான்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும்.”

அதற்கெல்லாம் நேரமில்லை என்றார் பரம்பரை. கலக்கவில்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவர் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் தெளிவாகத் தெரிந்தது.

நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். வீர வம்சம் அவள் பொறுப்பு. இரண்டு கையாலும் அள்ளித்தான் எடுப்பாள். பயந்த வம்சம் பரம்பரையின் மகன் பொறுப்பு. சின்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை முடிந்தவரை நீட்டி, வால் நுனியை இரண்டு விரலால் பிடித்து, அடைத்துக்கொண்ட சாக்கடையிலிருந்து எதையோ எடுப்பவர்போல் தூக்குவார். இரண்டே மாதத்தில் அந்த எலிகள் வெள்ளை அங்கியைக் கண்டாலே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. அப்படித் தூக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாள். பயம் அதுங்க ரத்தத்திலேயே இருக்குக்கா என்று சிரித்தார். இப்போது அதைப் பற்றி மாநாட்டில் பேச விமானம் ஏறிப் போய்ப் பதினேழு நாள் ஆகிறது. அந்தப் பதினேழு நாளும் இரண்டு வம்சத்தையும் அவள்தான் அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

சின்னவர் பார்க்கும் அந்த வேலைக்கு மூன்று வருடம் முன்னால் அவள் மகளும் விண்ணப்பித்திருந்தாள். விலங்கியலில் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறியவள். பரம்பரை அன்று ரொம்ப அன்பாகப் பேசினார். எலியையே பாரும்மா, எதுக்கு எது வம்சத்துல இருக்கோ அதுதான் வரும், உன் பொண்ணுக்குக் கைவேலை நல்லா வரும் என்றார். வேலை சின்னவருக்குப் போனது. மூன்று முறை தேர்வு எழுதித் தேறியவர். அவளும் அன்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் தன் கன்னத்திலேயே அறையத் தோன்றும்.

பத்தரைக்கே வந்துவிட்டார் அந்த ஆய்வாளர். நடையில் வேகம், தோளில் துணிப்பை, தேநீர் வேண்டாம் என்றார். எலிகளை யார் கையாள்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

“இவங்கதான். சின்னதா ஒரு தப்பு நடந்துபோச்சு. எழுதிக் குடுக்கறாங்க” என்றார் பரம்பரை.

“தப்பு நடந்ததா?”

கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டது என்று புரிய கூண்டக்காவுக்கு ஒரு நொடி ஆனது.

“இல்ல மேடம்” என்றாள். “ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல. இதுல ஒரு வம்சம் கொஞ்சம் பயந்த சுபாவம்தான், அது பிறவியில வந்தது. மிச்ச பயமெல்லாம் வாலைப் புடிச்சுத் தூக்கினதுல வந்தது. அதையும் பரம்பரைக் கணக்குல எழுதிட்டாங்க.” கடிதத்தை மேசையில் வைத்தாள். “இதுல நான் கையெழுத்து போட மாட்டேன். வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க.”

பரம்பரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆய்வாளர் அதற்குள் பையிலிருந்து அவருடைய கட்டுரையை எடுத்துப் புரட்டினார்.

“எல்லா எலியையும் ஒரே முறையில கையாண்டதா எழுதியிருக்கீங்க சார். கீழ உங்க பேர்தான் இருக்கு. அந்த முறை எதுன்னு நீங்களே காட்டிடுங்களேன். பயந்த வம்சத்துலயே காட்டுங்க.”

எலி அறையின் நீளமான விளக்கு வெளிச்சத்தில் மூன்று பேரும் நின்றார்கள். கூண்டக்கா ஒரு கூண்டை இழுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். தானே அள்ளிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பரம்பரை கையுறை போட்டார். போட்டு முடிக்க வெகுநேரம் எடுத்தது. இத்தனை வருடத்தில் அவர் இந்த அறைக்கு உள்ளே வந்து அவள் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை முடிந்தவரை நீண்டு, கூண்டுக்குச் சாண் உயரத்தில் வந்து நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை. நூலாய்க் கிழிந்த காகிதத்தை விலக்கிக்கொண்டு ஒரு எலி வெளியே வந்தது. பின்னங்காலில் எழுந்து நின்று, அந்த விரல் நுனியை மோந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் எம்பியது.