மூக்குநுனியில் இரும்புக் குண்டு

ஆற்றல் அழிவதில்லை என்று முதலாண்டு மாணவர்களுக்கு நிரூபிக்கப் போய் என் மூக்கை உடைத்துக்கொண்டேன். மூக்குடைபடுவது எனக்குப் புதிதல்ல. துறைக் கூட்டங்களில் மாதம் தவறாமல் நடக்கும். எலும்பு முறிந்ததுதான் முதல் தடவை.

செய்முறை எளிது. விரிவுரைக் கூடத்தின் உத்தரத்திலிருந்து கம்பியில் ஓர் இரும்புக் குண்டு தொங்கும். அதை இழுத்து என் மூக்குநுனியில் தொட்டபடி பிடித்து, தள்ளாமல், கையை மட்டும் விடுவேன். மேலே இருந்த நிலையாற்றல் கீழே வரும்போது இயக்க ஆற்றலாகும்; மறுபக்கம் ஏறும்போது மீண்டும் நிலையாற்றல். கரும்பலகையில் இரண்டையும் சமன் போட்டால் நிறை இருபுறமும் அடிபட்டுப் போகும். குண்டு எத்தனை கனமானாலும் விட்ட உயரத்தைத் தாண்டி ஒரு மயிரிழைகூட ஏறாது. ஆகவே திரும்பி வரும்போது மூக்கை இடிக்காது. ஒரே நிபந்தனை, ஆள் அசையக் கூடாது.

நானோ சும்மா இருக்கச் சொன்னால் சுவரைச் சுரண்டுகிற ரகம். அதனால் வருடா வருடம் என் மனைவி பின்னால் நின்று என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அவளும் அதே துறையில் ஆசிரியை. “சாருக்கு இயற்பியல் மேல நம்பிக்கை இருக்கு. எனக்குத்தான் சார் மேல இல்ல” என்பாள். வகுப்பு சிரிக்கும்.

போன வருடம் அவளுக்கு வேறு ஊர்க் கல்லூரியில் மேல்பதவி கிடைத்தது. வார நாட்கள் அங்கே, வெள்ளிக்கிழமை மாலை பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று ஏற்பாடு. இப்போது எங்கள் துறையிலேயே ஓர் இடம் காலி. விண்ணப்பித்து ஒரேயடியாக வந்துவிடேன் என்று கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம். பார்க்கலாம் என்பாள். நேற்று கைபேசியிலும் எழுதிக் கேட்டேன். பதில் இல்லை.

இன்று குண்டை விட்டேன். அது மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அவள்தான் என்று எட்டிக் குனிந்து பார்த்தேன். இருவர் படுக்கும் மெத்தை பாதி விலைக்கு என்று எவனோ ஒரு கடைக்காரன் அனுப்பியிருந்தான். நான் படித்து முடிப்பதற்குள் குண்டு வந்து சேர்ந்தது. இயற்பியல் தோற்கவில்லை, குண்டு தன் எல்லையை மீறவில்லை, என் மூக்குதான் மீறியது. மாணவர்கள் கைதட்டினார்கள். இதுவும் பாடத்தில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள்.

ஆய்வக உதவியாளர் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தார். கூடவே அவளுக்கும் போன் போட்டுவிட்டார். அக்கா கிளம்பி வருகிறார் என்றதும், அடுத்த வாரம் உடைப்பதற்கு வேறு எலும்பு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கட்டிலில் கிடந்தபோது, பாதியில் நின்றுபோன பாடம் நினைவுக்கு வந்தது. குண்டு அதே உயரத்துக்கு வரும் என்பது புத்தகக் கணக்கு. உண்மையில் காற்று தடுக்கும், மேலே கம்பி உராயும், ஒவ்வொரு தடவையும் துளி குறைந்துதான் வரும். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முன்னால் நிற்பவனுக்கோ குண்டு வருவது மட்டும்தான் தெரியும்.

முதலில் வெள்ளிக்கிழமை வெளிச்சத்தோடு வந்துகொண்டிருந்தாள். பிறகு கடைசி பஸ். பிறகு சனிக்கிழமை காலை. போன வாரம் சனிக்கிழமை மதியம் வந்தவள், மறுநாள் சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள். விடைத்தாள் திருத்தும் வேலை, மழை, பஸ் என்று ஒவ்வொரு தடவைக்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மாலையில் வந்தாள். என்னைப் பார்க்காமல், வாசலில் நின்ற உதவியாளரிடம் கேட்டாள்: “குண்டுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“கழுவித் துடைச்சு வச்சுட்டேன்க்கா.”

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். பஞ்சு மாற்ற நர்ஸ் வந்து, தலையை ஆட்டக் கூடாது என்று என்னை மிரட்டினாள். யாரும் சொல்லாமலே என் மனைவி கட்டிலுக்குப் பின்னால் போய் நின்று என் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள். அதே உள்ளங்கைகள், அதே சூடு. எனக்குக் கண்ணீர் வந்தது. பஞ்சினால் என்று நர்ஸ் நினைத்திருப்பாள்.

நர்ஸ் போன பிறகும் அந்தக் கைகள் அங்கேயே இருந்தன. விண்ணப்பம் போட்டாயா என்று கேட்டேன். மூக்கடைப்பில் என் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. முதலில் மூக்கு ஆறட்டும் என்றாள்.

“பசங்க சுத்தி வளைச்சு எழுதினா சுழி போடுவியே. எனக்கு மட்டும் இன்னும் எத்தனை பக்கம்மா எழுதுவ?”

அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். கைகள் விடவில்லை.

“அசையாதீங்க” என்றாள். பிறகு, “போடல. போடவும் மாட்டேன். உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லங்க. அங்க நிம்மதியா இருக்கேன். இங்க வர்ற பஸ்ல ஏறும்போதே அது போயிடுது. இனிமே சனிக்கிழமை எனக்காகக் காத்திருக்காதீங்க. நான் வரமாட்டேன்.”