மழைக்கோட்டுக்கு அடியில் ஒரு மொட்டு

அக்கா ஆறு வருடம் கலப்புச் செய்து உருவாக்கிய சாமந்தி, நாற்பது செடியில் ஒன்றுகூட மொட்டு விடவில்லை. கண்ணாடிக் கூடத்தில் மற்ற மேசைகளில் இருந்த பழைய ரகங்களெல்லாம் மொட்டு வைத்துவிட்டன. புது ரகங்களைப் பதிவு செய்யும் அதிகாரி வர இன்னும் ஐந்து வாரம். ஒரு செடி பூத்திருந்தாலும் போதும். இல்லையென்றால் அடுத்த வருடம்தான். அதற்குள் இதே செம்பு நிறத்தை வேறு யாராவது பதிந்துவிடலாம்.

"உன் தங்கச்சி மாதிரியே நெட்டையா வளருதே தவிர, வேற ஒண்ணும் காணோம்," என்றார் மாமா, என்னைக் காட்டி.

"வாயை மூடுங்க. நானே வயித்தெரிச்சல்ல இருக்கேன்," என்றாள் அக்கா.

மறுநாள் காலை தண்ணீர் ஊற்றும்போது மேசை மூலையில் இருந்த செடியைப் பார்த்தேன். நுனியில் மிளகு அளவில் ஒரு மொட்டு. நான் கத்திய கத்தலில் இருவரும் ஓடி வந்தார்கள்.

அதே மண், அதே உரம், ஒரே தாய்ச்செடியின் கிளைகளை நட்டு வளர்த்தவை. இது மட்டும் ஏன்?

"இதை யாரு என்ன பண்ணினது?" என்றாள் அக்கா.

"நான் தொடவே இல்லப்பா," என்றார் மாமா. "நனைஞ்ச மழைக்கோட்டை அது பக்கத்துல நட்டிருக்கிற குச்சியில மாட்டுவேன், அவ்வளவுதான். செடி மேல தொங்கும்."

"எப்போ?"

"தினம் நடுராத்திரி. மொட்டு வந்துடுச்சான்னு டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பார்ப்பேன்ல? அரைமணி நேரம் ஆகும்."

அக்கா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சாமந்தி அளப்பது பகலை அல்ல, இருட்டை. அதன் இலைக்குள் ஒரு நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது உருவம் மாறும். இருட்டில் மெல்ல மெல்லப் பழைய உருவத்துக்குத் திரும்பும். இருட்டு இடையில் முறியாமல் நீண்டால்தான், இனி இலை வேண்டாம், பூவைத் தொடங்கு என்று இலையிலிருந்து குருத்துக்குச் செய்தி போகும். டார்ச் வெளிச்சத்திலும் சிவப்பு உண்டு. அது பட்டதும் அன்றைய இருட்டு இரண்டாக உடைந்துவிடும். இரண்டு துண்டும் செடிக்குப் போதாது. மாமா நின்ற அந்த அரைமணியில் கோட்டுக்கு அடியில் இருந்த செடிக்கு மட்டும் இரவு முழுசாக இருந்தது.

"அப்போ நான் பார்க்கப் பார்க்கத்தான் அது பூக்காம இருந்துச்சா?" மாமாவின் குரல் இறங்கிப்போனது.

"ஆமாங்க."

அவர் மொட்டு விடாத செடி ஒன்றின் இலையை விரலால் மெதுவாக நிமிர்த்தினார். கண் இல்லை, கடிகாரம் இல்லை. ஆனால் அவர் வந்து போனதை அது ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. அன்று மாலை டார்ச்சின் பேட்டரியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார்.

அதிகாரி வந்த அன்று மூலைச் செடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புப் பூ விரிந்திருந்தது. மற்ற முப்பத்தொன்பதிலும் பட்டாணி அளவு மொட்டுகள். அவர் பூவை அளந்தார், இதழ்களை எண்ணினார், படிவத்தைப் புரட்டினார்.

"ரகத்தோட பேரு?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். "மழைக்கோட்டு."

பேனா நின்றது. "பூவுக்குத்தானே கேட்டேன்?"

"பூவுக்குத்தான் சார்," என்றார் மாமா.