ஐந்தாம் நாள் வேர்

ஐந்தாம் நாள் வேர் சுருங்கியிருந்தது. நான்காம் நாள் இரண்டு புள்ளி மூன்று சென்டிமீட்டர். மறுநாள் ஒன்று புள்ளி ஒன்பது. அதற்கடுத்த நாள் ஒன்றும் நடக்காததுபோல மூன்று புள்ளி ஆறு.

முதல் பள்ளியில் இதைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. ஏதோ ஒரு பிள்ளை அளவுகோலைத் தப்பாகப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நோட்டிலும் அதே எண். அதற்கடுத்ததிலும். இரண்டாவது பள்ளி, வேறு ஆசிரியர், வேறு பிள்ளைகள். அங்கேயும் எல்லா அவரை வேரும் ஐந்தாம் நாள் தவறாமல் சுருங்கியது. நான்காவது பள்ளியில் நோட்டைத் திறந்ததுமே ஐந்தாம் நாள் வரியைத்தான் தேடினேன்.

அந்த எண் என்னுடையது.

பதினொரு வருடமாக ஆசிரியர்களுக்குச் செய்முறைப் பயிற்சி நடத்துகிறேன். மூன்று நாள். இலையைக் கசக்கி முகர வைப்பேன், மண்புழுவைக் கையில் ஏந்த வைப்பேன், கண்ணாடிக் குவளையில் ஈரப் பஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே அவரை விதையைச் செருகி வேர் இறங்குவதை அளக்க வைப்பேன். ஒவ்வொரு முறையும், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்றுதான் தொடங்குவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். சிலர் அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

முளைவிட்ட குவளைகளை ஒரு வாரம் முன்பே வீட்டில் தயார் செய்து, தினமும் அளந்து, அட்டவணையோடு எடுத்துப் போவது என் வழக்கம். போன வருடம் அந்த வாரம் அப்பா மருத்துவமனையில் இருந்தார். நான் அங்கேயே தங்கிவிட்டேன். "பஞ்சு காயாம மட்டும் பாத்துக்கோங்க" என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். அவர் சொன்னதைத் தட்டாத மனிதர். காலையும் மாலையும் குவளை நிறைய ஊற்றியிருக்கிறார். திரும்பி வந்தபோது ஜன்னலோரத்தில் ஏழு குவளைகளிலிருந்தும் புளித்த நாற்றம்.

"அதுக்குத் தாகமா இருக்குமேன்னுதான்..." என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

பயிற்சிக்குப் போகும் பேருந்தில் மடியில் தாளை வைத்து அட்டவணையை எழுதினேன். அவரை வேர் எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு புள்ளி ஒன்பது என்று நினைத்து, ஒன்று புள்ளி ஒன்பது என்று எழுதியிருக்கிறேன். அறுபது நகல் எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாளில் ஒருவர்கூட அந்த எண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. கேள்வி டீச்சர்கூட.

அது பயிற்சிக்கு வந்த மற்ற ஆசிரியர்கள் அவளுக்கு வைத்த பெயர். மண்புழு பின்பக்கமாக நகருமா, மழை இல்லாத மாதத்தில் எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "ஏம்மா, நீ வாயைத் திறந்தா எங்க டீ ஆறிப்போகுது" என்று பின்வரிசையில் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்பாள். அந்த ஒருத்திக்காகவே இன்னும் பத்து வருடம் நடத்தலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஐந்தாவது பள்ளி அவளுடையது. பட்டியலில் கடைசி.

"ஒரே ஒரு நோட்டு காட்டுங்க மேடம்," என்று எங்கள் நிறுவன இயக்குநர் நான் கிளம்பும்போதே சொல்லியிருந்தார். "ஒரு பிள்ளை நெஜமா செஞ்சு பாத்துச்சுன்னு தெரிஞ்சா போதும். அடுத்த வருஷமும் பயிற்சி நடக்கும். இல்லேன்னா நான் யார்கிட்ட என்னன்னு பேசறது?"

கேள்வி டீச்சர் வாசலுக்கே ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். தோளில் சாக்பீஸ் தூள்.

"மேடம்! ஒரு போன் பண்ணியிருந்தா பசங்கள ரெடி பண்ணி வச்சிருப்பேனே."

"ரெடி பண்ணிடுவியேன்னுதான் போன் பண்ணல."

சிரித்தாள். பயிற்சியில் நான் கொடுத்த செய்முறைப் பெட்டி அவள் வகுப்பறை அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. மூடியில் ஒட்டிய பட்டை பிரிக்கப்படவில்லை. என் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள்.

"லென்ஸ் ஒண்ணு உடைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும் மேடம். குவளை வச்சேன், இல்லேன்னு சொல்லல. ரெண்டாம் நாளே தண்ணி சிந்தி நோட்டெல்லாம் நனைஞ்சுது. இது வகுப்பா, குளிக்கிற இடமான்னு ஹெச்.எம். கேட்டாரு. நாப்பத்திரண்டு பசங்க, மூணு பாடம், நான் ஒருத்தி." அவள் குரல் இறங்கியது. "ஆனா உங்க அட்டவணை இருந்துச்சு. போர்டுல போட்டுட்டேன்."

மேசையில் அடுக்கியிருந்த நோட்டுகளைப் புரட்டினேன். ஒன்று புள்ளி ஒன்பது. ஒன்று புள்ளி ஒன்பது. முப்பதாவதோ என்னவோ, ஒரு நோட்டில் கை நின்றது. எண்களே இல்லை. கோணல் எழுத்தில் மூன்று வரி: 'வேர் வரவில்லை. விதை வழவழவென்று ஆகிவிட்டது. புளித்த மோர் நாற்றம்.' அதன் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில், 'போர்டைப் பார்த்து எழுது'.

என் ஜன்னலோரத்து நாற்றம் அந்தத் தாளிலிருந்து வந்தது. நான் ஒளித்ததை ஒரு பத்து வயதுக்காரி எழுதியிருந்தாள். இயக்குநர் கேட்ட ஒரே ஒரு நோட்டு.

"அவளா? ஆரம்பத்துல அப்படித்தான் எதையாவது எழுதுவா," என்றாள் கேள்வி டீச்சர். "இப்ப நல்லா தேறிட்டா. அடுத்த பக்கம் பாருங்களேன்."

அடுத்த பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. காந்தம், நிழல், நீராவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்.

மூன்றாம் வரிசையில் இருந்த அந்தப் பெண்ணை அழைத்தேன். "விதையை நீயே வளர்த்தியாம்மா? வீட்டுலயா?"

அவள் டீச்சரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இல்ல மிஸ். தெரியாம தப்பா எழுதிட்டேன்."

"தப்பில்லம்மா, நீ..."

"இனிமே எழுத மாட்டேன் மிஸ்."

கேள்வி டீச்சரிடம் திரும்பி, "அந்த அட்டவணைதான் தப்பு," என்றேன். "அஞ்சாம் நாள். வேர் எங்கயாவது சுருங்குமா?"

அவள் நோட்டைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பழைய முகம் வந்தது. ஏன் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அடடா, ஆமா மேடம்," என்றாள். கரும்பலகையில் எழுதச் சாக்பீஸை எடுத்தாள். "சரியான நம்பர் என்ன மேடம்? பசங்களா, எல்லாரும் ரப்பர் எடுங்க!"

நாற்பத்திரண்டு முகங்கள் என்னையே பார்த்தன. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் அளக்கவே இல்லை, என் விதையும் அழுகித்தான் போனது என்று சொல்லியிருக்கலாம். அந்த வருடம் அந்த அறையில் யாரும் சொன்ன இரண்டாவது உண்மையாக அது இருந்திருக்கும்.

"ரெண்டு புள்ளி ஒன்பது," என்றேன்.

நோட்டுகள் கைமாறி வரிசைகளுக்குத் திரும்பின. ரப்பர்கள் தேயும் சத்தம் அறை முழுக்க எழுந்தது. அந்தப் பெண் தன் நோட்டை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அழிப்பதற்கு அவளிடம் எண் இல்லை. பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு தன் மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாக, தாள் கிழியாமல், பொறுமையாக அழிக்கத் தொடங்கினாள்.